முப்பதாயிரம் ரூபாய் ஏசியும் பதினாலு அங்குலச் சுவரும்

எங்கள் வீட்டு ஏசிக்கு நான் ஒதுக்கிய தொகை 30,000 ரூபாய். செலவானது 49,100. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பதினொரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். மாசக் கடைசியில் ஒரு ரூபாய் உதைத்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டுக் கணக்கில் பத்தொன்பதாயிரம் தப்பினேன் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கோடையிலும் யாரோ ஒருவர் கடையில் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு "முப்பதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டுக்காரரின் தாத்தா 1962-ல் கட்டிய வீடு எங்களுடையது. மேலே மெட்ராஸ் டெரஸ். மர உத்திரங்களின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். சுவர் பதினாலு அங்குலம். "அந்தக் காலத்துச் சுவர், வெயில் உள்ள ஏறாது" என்று வருகிறவர்கள் எல்லாரும் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். பகலில் அது உண்மை. பகல் முழுக்க உள்வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்குமேல் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும், அதுவும் உண்மை. மே மாசம் ராத்திரி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் அப்போதுதான் இறக்கி வைத்த இட்லிப் பானையில் சாய்ந்த மாதிரி இருக்கும்.

2024 கத்திரியில் அத்தைக்கு உடம்பு முழுக்க வேர்க்குரு. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்தார்கள். அந்த வருஷமே ஒரு சீட்டு சேர்ந்தேன். 2025 ஏப்ரலில் எடுத்தேன். கையில் 30,000.

எது வாங்குவது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அறை பத்துக்குப் பன்னிரண்டு. 120 சதுர அடிக்கு ஒரு டன் என்று கடையில் ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். (டன் என்றால் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு சூட்டை அறையிலிருந்து இழுக்கும் சக்தி. சுமார் 3.5 கிலோவாட். எங்கள் கடைப் பையன் "டன்னுன்னா கம்ப்ரசர் வெயிட்டு மேடம்" என்றான். சிரிக்காமல் இருந்தேன்.) ஒரு டன், மூன்று ஸ்டார், விண்டோ ஏசி 27,800. அதே அளவு ஸ்ப்ளிட் 33,500. ஐந்தாயிரத்து எழுநூறு மிச்சம் என்று விண்டோவைத் தேர்ந்தெடுத்தோம். என் முதல் தப்பு அதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், தெருப் பக்கம். அதில் ஏசியை வைத்தால் வெளிச்சமும் போச்சு, கரண்ட் போனால் காற்றும் போச்சு. வடக்குப் பக்கம் மூன்றடிச் சந்து இருக்கிறது. அந்தச் சுவரை உடைத்து ஏசி அளவுக்குச் சதுரமாக ஓட்டை போட்டு உட்காரவைத்துவிடலாம் என்று முடிவு. ஓட்டைக்கு நான் எழுதிய பட்ஜெட் ஆயிரம் ரூபாய். "ஒரு ஆள், அரை நாள்" என்று என் நோட்டில் இன்னமும் இருக்கிறது.

மேஸ்திரி வந்தார். எங்கள் தெருவில் பாதி வீடு அவர் கை பட்டது. சுவரைப் பார்த்ததும் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு ஆணியை எடுத்துப் பூச்சைச் சுரண்டினார். உள்ளே செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் இருந்த காரையை விரல் நகத்தால் கிள்ளினார். மாவு மாதிரி உதிர்ந்தது.

"இது சுண்ணாம்புக் காரைம்மா. சிமெண்டு மாதிரி புடிச்சிக்கினு நிக்காது. கீழ ஒரு கல்ல உருவுனா மேல மூணு கல்லு தானா வரும்."

"அரை நாள்ல ஆவாதா மேஸ்திரி?"

"உடைக்கிறதுக்கு அரை நாள். உடைஞ்சத நிறுத்தறதுக்கு ஒன்றர நாள்."

தூண் வைத்துக் கட்டிய புது வீடு என்றால் சுவர் வெறும் மறைப்பு. எங்கள் வீட்டில் தூணே கிடையாது. சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. ஆகவே ஓட்டை போடும் முன்பே அதன் தலைக்கு மேல் லிண்டல் (மேல்சுவரின் பாரத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டை) உட்கார வேண்டும். அவர் செய்ததை நான் லீவு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தேன். வார்த்து வைத்த லிண்டல் இரண்டு வாங்கினார், ஒவ்வொன்றும் மூன்றரை அடி. முதலில் உள்பக்கம் பாதிச் சுவர் ஆழத்துக்கு ஒரு நீளப் பள்ளம் மட்டும் வெட்டினார். ஒரு லிண்டலைச் செருகி, மேலே இருந்த சந்துகளில் சிமெண்டைத் திணித்து இறுக்கினார். அன்றைக்கு அதோடு நிறுத்தினார். மறுநாள் வெளிப்பக்கம் அதே மாதிரி இன்னொன்று. அதன் பிறகுதான் கீழே இருந்த கல்லை ஒவ்வொன்றாக உருவினார். மேலே ஒரு கல்கூட அசையவில்லை. சம்மட்டி சத்தமே இல்லை, உளியும் சின்னச் சுத்தியும் மட்டும். மிஷின் கட்டர் வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வேறொருவர் சொல்லியிருந்தார். அவரைக் கூப்பிடாதது எங்கள் நல்ல காலம்.

இரண்டு நாள், ஒரு கொத்தனார், ஒரு சித்தாள்: 3,400. இரண்டு லிண்டல் 900, சிமெண்ட் ஒரு மூட்டை 380, எம்-சாண்ட் இரண்டு சாக்கு 120. ஆயிரம் எழுதிய இடத்தில் 4,800 ஆயிற்று. இது போதாதென்று மரச் சட்டம் 2,800, வெளியே தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு 1,400, மேலே தகரச் சன்ஷேடு 700, பூச்சுக்கு மேல் பெயிண்ட் 400. கம்பெனி ஆள் வந்து மாட்டிக் கொடுத்ததற்கு 1,200. ஒரு டன் விண்டோ ஏசியே நாற்பது கிலோவுக்கு மேல். ஸ்டாண்டு இல்லாமல் சட்டத்தை மட்டும் நம்பி வைக்கக் கூடாது என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார்.

சட்டம் அடிக்கும்போது ஆசாரி ஒரு யோசனை சொன்னார். "இப்ப ஒரு டன் அளவுக்கு அடிச்சிட்டீங்கன்னா, பத்து வருஷம் கழிச்சி வேற மிஷின் வாங்குனா சுவர மறுபடி உடைக்கணும். ஒன்றர டன்னு அளவுக்கு அடிச்சிட்டு மிச்சத்த பலகை வச்சி மூடிக்கலாம்." விண்டோ ஏசிகளுக்கு எல்லாக் கம்பெனியும் ஒரே அளவு வைத்திருப்பதில்லை. ஒரு டன் என்றால் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 38 பக்கம் வரும். ஒன்றரை டன் என்றால் 66-க்கு 43 பக்கம். ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. என் வீட்டுக்காரர் "பலகை வச்சி மூடுனா அசிங்கமா இருக்கும்" என்று தடுத்துவிட்டார். அந்தப் பலகை அசிங்கம்தான். ஆனாலும் நான் அடித்துப் பேசியிருக்க வேண்டும்.

இதற்கு மேலும் சுவருக்கு 2,000 ரூபாய் போனது. இப்போது அந்தக் கதை.

ஏசி மாட்டின முதல் நாள் ராத்திரி சொர்க்கம். அத்தை போர்வை கேட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போட்டோம். நாற்பது நிமிஷம் நன்றாக ஓடியது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன் மட்டும் ஓடுகிறது, வருவது வெறும் காற்று. பத்து நிமிஷம் கழித்து மறுபடி கம்ப்ரசர் எடுத்தது. கால் மணி நேரத்தில் மறுபடி 'டக்'. சாயங்காலம் வரை இதே கதை. ஓட்டை மிஷினைத் தலையில் கட்டிவிட்டான் என்று நான் கடைக்காரரோடு போனில் சண்டை போட்டேன். பாவம் அந்த மனுஷன். மிஷினில் ஒரு குறையும் இல்லை.

வந்த மெக்கானிக் அறைக்குள்ளேயே வரவில்லை. நேராகச் சந்துக்குப் போனார். ஏசியின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இங்க பாருங்க மேடம், மூச்சு விடற எடத்த சுவருக்குள்ள பொதைச்சி வச்சிருக்கீங்க."

விண்டோ ஏசியின் தகரக் கூட்டில் இரண்டு பக்கமும் மீன் செதில் மாதிரி வெட்டு வெட்டாக ஜாலி இருக்கும். அதை நான் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். வெளிப்பக்கக் காயிலை (அறையிலிருந்து இழுத்த சூட்டை வெளியே விடும் குழாய்ச் சுருள்) குளிரவைக்கும் காற்று அந்தப் பக்கவாட்டு ஜாலி வழியாகத்தான் உள்ளே போகிறது. சூடாகிப் பின்பக்கமாக வெளியேறுகிறது. பின்பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போதாது, பக்கவாட்டு ஜாலியும் சுவரைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். ஜன்னலில் வைத்தால் இந்தப் பிரச்சினை வராது, சட்டம் மெல்லிசு. ஒன்பது அங்குலச் சுவரில்கூட ஏசியைக் கொஞ்சம் வெளியே தள்ளிச் சமாளிக்கலாம். எங்கள் மிஷினின் ஆழமே 22 அங்குலம். சுவர் பூச்சோடு சேர்த்துப் பதினாலரை. வெளியே நீட்டியது ஏழு அங்குலம் சொச்சம். ஜாலியில் பாதிக்குமேல் செங்கலுக்குள் இருந்தது. ராத்திரி வெளிக்காற்று குளிர்ச்சி, தாக்குப் பிடித்தது. பகல் நாற்பது டிகிரியில் மூச்சுமுட்டிக் கம்ப்ரசர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது.

வெளிநாடுகள் சிலவற்றில் சுவருக்குள் வைப்பதற்கென்றே பக்கவாட்டு ஜாலி இல்லாமல், காற்றைப் பின்பக்கமே இழுத்துப் பின்பக்கமே விடுகிற மாதிரி தனி மிஷின் செய்கிறார்கள். நம் ஊர்க் கடையில் நமக்குக் கிடைப்பது ஜன்னலுக்குச் செய்த மிஷின். அதைச் சுவரில் வைப்பது நாம் செய்துகொள்கிற ஏற்பாடு. கடைக்காரர் உங்கள் சுவரின் கனத்தைக் கேட்கப் போவதில்லை. நீங்கள்தான் டேப்பை வைத்து அளந்து, மிஷினின் ஆழத்தையும் ஜாலி எங்கே தொடங்குகிறது என்பதையும் கடையிலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டும். மிஷின் எது என்று முடிவாகும் முன் சுவரில் உளி படக்கூடாது.

மேஸ்திரி மறுபடி வந்தார். ஓட்டையின் வெளிப்பாதியைப் புனல் மாதிரி விரித்துக் கொத்தினார். உள்ளே இருபத்துநாலரை அங்குலம், வெளி விளிம்பில் முப்பத்திரண்டு. ஏசியையும் இரண்டு அங்குலம் வெளியே நகர்த்தினோம். முதல் முறையே மூன்றரை அடி லிண்டல் போட்டிருந்ததால் விரித்த பிறகும் இரண்டு பக்கமும் ஐந்தைந்து அங்குலம் சுவரில் உட்கார்ந்திருந்தது. மூன்றடி லிண்டலே போதுமே என்று முந்நூறு ரூபாயை மிச்சப்படுத்த நான் அன்றைக்குப் பேரம் பேசியிருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஒரு நாள் கூலி 1,700, சாமான் 300. அதற்கப்புறம் மத்தியானமும் நிற்காமல் ஓடுகிறது.

சுவருக்கு மட்டும் மொத்தம் 13,300.

ஒயர்ச் செலவு எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் யாரும் முன்கூட்டி எழுதுவதில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி பழைய பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தான். "அக்கா, இந்த ஒயர்ல ஏசிய போட்டா ஒயரே ஹீட்டர் ஆயிடும்." மெயின் போர்டிலிருந்து அறைக்குத் தனி லைன். பதினாலு மீட்டர் தூரம், போக வர 28 மீட்டர் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் 2,520. எர்த் ஒயர் 770. எம்சிபி (லோடு கூடினால் தானே விழுகிற ஸ்விட்ச்), பாக்ஸ், பிளக், பைப் 1,110. கூலி 1,200. ஆக 5,600. ஒரு டன்னுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போதும். பிற்பாடு ஒன்றரை டன் போட்டாலும் தாங்கட்டும் என்று 4 போட்டோம். இந்த முழுக் கதையிலும் நாங்கள் தொலைநோக்கோடு செய்த ஒரே காரியம் இது. சுவரில் ஒரு டன் அளவு, ஒயரில் ஒன்றரை டன் அளவு என்பது தனி நகைச்சுவை.

ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். தம்பி ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டரை வைத்து அளந்தான்: 188 வோல்ட். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஓடும் நேரம். வாங்கினோம், 2,400.

கூட்டிப் பாருங்கள். ஏசி 27,800, ஸ்டெபிலைசர் 2,400, ஒயரிங் 5,600, சுவர் 13,300. 49,100. சீட்டுக் காசு போக மிச்சத்துக்கு என் கம்மலை வைக்க வேண்டி வந்தது. போனஸில் மீட்டுவிட்டேன்.

இந்த வயிற்றெரிச்சலில் இன்னொன்று. நாங்கள் வாங்கியபோது ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அதே வருஷம் செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அதே விலைக்குக் கணக்குப் போட்டால் 2,170 ரூபாய் குறைந்திருக்கும். இதை யாரும் முன்கூட்டித் தெரிந்துகொண்டிருக்க முடியாது, ஆகவே என் தப்புப் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

வாங்கிய செலவு ஒரு முறை. கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒரு முறை. ஏசி வருவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு 320 யூனிட் பக்கம் ஓடும். பில் 799. 2024 ஜூலைக் கட்டணப்படி முதல் நூறு யூனிட் இலவசம், அடுத்த நூறு 2.35, அதற்குமேல் 400 வரை 4.70. ஏசி லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் போட்டிருக்கும். எங்களுடையதில் 830. அது 1,600 மணி நேரம் ஓடினால் என்று கணக்கிட்ட எண். வகுத்தால் மணிக்கு அரை யூனிட் சொச்சம். ராத்திரிக்கு எட்டு மணி நேரம், நாலு யூனிட், யூனிட்டுக்கு 4.70, மாசம் 600 ரூபாய் கூட வரும் என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

ஜூன் நடுவில் ரீடிங் எடுத்தார்கள். 720 யூனிட். பில் 4,014.

இந்த பில் கணக்கில் முதல் தப்பு, கத்திரியில் எங்கள் தளம் கக்குகிற சூட்டுக்கு லேபிள் கணக்கு ஒத்துவரவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வாங்க வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மீட்டர் ரீடிங்கைப் போனில் படம் எடுங்கள், காலை ஆறு மணிக்கு ஒன்று. ஏசி இல்லாத ராத்திரி ஒரு முறை, உள்ள ராத்திரி ஒரு முறை. வித்தியாசம்தான் ஏசி சாப்பிட்டது. எங்களுக்கு மணிக்கு 0.85 வந்தது. ரிமோட்டில் 20 வைத்துக்கொண்டு படுத்ததன் பலன்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிசு, கணக்குக்காரி செய்யக்கூடாதது. ஏசியின் யூனிட் எப்போதுமே அடுக்கின் மேல்தட்டில் போய்த்தான் உட்காரும். கீழ்த்தட்டை ஃபிரிட்ஜும் ஃபேனும் மோட்டாரும் முன்பே பிடித்துவிட்டன. கூடுதலாக ஓடிய 400 யூனிட்டுக்குக் கூடுதலாகக் கட்டியது 3,215. ஒரு யூனிட் எட்டு ரூபாய். உங்கள் வீட்டு ஏசிச் செலவைச் சராசரி விலையை வைத்துப் போடாதீர்கள். பழைய பில்லுக்கும் புது பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போடுங்கள்.

இதில் 500-வது யூனிட் ஒரு வேலி. 500-க்குள் இருந்தால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு 2.35. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த நூறுக்கும் 4.70 ஆகிவிடும், பின்னோக்கிப் போய் வசூலிப்பார்கள். சரியாக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! இந்த 2024 ஜூலைக் கட்டணத்தைப் பேப்பரில் போட்டு அத்தைக்குக் காட்டினேன். "யூனிட்டா, தங்கமா?" என்றார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததெல்லாம் அந்த வேலிக்குள் நிற்பதற்கான பாடு. முதலில் மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானும் வீட்டுக்காரரும் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, தென்னந்துடைப்பத்தால் தட்டோடு முழுக்க இரண்டு கோட்டு அடித்தோம். 1,600 ரூபாய். இதை ஏசி வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். சாயங்காலம் மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிந்தபோதே தெரிந்துவிட்டது. அடுத்து ரிமோட். 2020 ஜனவரி முதல் வரும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்கும்படிதான் செய்யப்படுகின்றன. நாங்கள் அதை 20-க்கு இறக்கிக்கொண்டிருந்தோம். இப்போது 26, கூடவே சீலிங் ஃபேன் மெதுவாக. நாலு மணிக்கு டைமரில் நின்றுவிடும். மணிக்கு 0.85 இருந்தது 0.6 ஆயிற்று.

ஓட்டையைச் சுற்றிய இடுக்குகள் தனிக் கதை. மாட்டின ஆள் தெர்மோகோலைக் கிழித்துச் செருகிவிட்டுப் போனார். ஒரே மாசத்தில் அணில் அதைத் துருவிக் கூடு கட்ட ஆரம்பித்தது. ராத்திரி பல்லி வந்தது. பிறகு வெளிப்பக்கம் மெல்லிய தகரப் பட்டை அடித்து, உள்பக்கம் ஸ்பாஞ்சுப் பட்டையை இறுக்கி ஒட்டினோம். கூடு கட்டவிடாமல் இடுக்கை அடைத்தால் குளிரும் வெளியே ஓடாது, சந்தில் வருகிற பைக் சத்தமும் குறையும். ஏசியின் சொந்தச் சத்தம் குறையாது. முதல் வாரம் அத்தை "ரைஸ் மில்லுல படுத்த மாதிரி இருக்குது" என்றார்கள். இப்போது அந்தச் சத்தம் நின்றால்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வந்து, சொட்டுத் தண்ணீர் அவர்கள் பக்கம் போகிறது, சூட்டுக்காற்று சமையல்கட்டு ஜன்னலில் அடிக்கிறது என்றார். தண்ணீர் சரிசெய்யக்கூடியது. ஏசி வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், கால் அங்குலம் போல, அப்போதுதான் தண்ணீர் அறைக்குள் வராமல் பின்பக்கக் குழாய் வழியாக இறங்கும். அதில் ஹோஸ் மாட்டி ஒரு பக்கெட்டில் விட்டோம். கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறேன். சூட்டுக்காற்றுக்கு வழி இல்லை. மூன்றடிச் சந்தில் அது எங்கே போகும்? பகலில் அவர்கள் சமைக்கிற நேரத்தில் போடுவதில்லை என்று ஒப்பந்தம். ஓட்டை போடுவதற்கு முன்னால் எதிர்ச்சுவரில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

ஸ்ப்ளிட் கணக்குக்கு வருகிறேன். ஸ்ப்ளிட் 33,500. பைப், ஸ்டாண்டு, மாட்டுகூலி 3,000. சுவரில் தேவைப்படுவது ஒரு டம்ளர் வாய் அளவு ஓட்டை. ஸ்டெபிலைசரும் ஒயரும் அதே 8,000. ஆக 44,500. மேஸ்திரியை இரண்டாம் முறை கூப்பிட்ட 2,000-ஐக் கழித்தாலும் சுவரை உடைத்து விண்டோ வைத்தது எங்களுக்குக் கூடத்தான். ஐந்தாயிரத்து எழுநூறு மிச்சம் பிடிக்கப் போய் நாலாயிரத்து அறுநூறு கூடக் கொடுத்தேன். விண்டோவுக்கு நல்ல குணங்கள் உண்டு. கேஸ் பைப் இணைப்பு எல்லாம் ஃபேக்டரியிலேயே மூடி வருவதால் மாட்டும்போது கசிவு வைக்கிற வாய்ப்பில்லை. வீடு மாறினால் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போகலாம். சர்வீஸ் சல்லிசு, மிஷினை அறைப் பக்கம் இழுத்துக் கழுவிவிடலாம் (ஏசியின் முன்பக்கம் இரண்டரை அடி இடம் விட்டிருக்க வேண்டும், எங்கள் பீரோவை நகர்த்த வேண்டி வந்தது). ஜன்னல் இடம் தயாராக இருக்கிறவர்களுக்கும், ஒன்பது அங்குலச் சுவரில் முன்பே ஏசிக்கென்று இடம் விட்டுக் கட்டியவர்களுக்கும் விண்டோதான் மலிவு. தாத்தா காலத்துச் சுவர் உள்ளவர்கள் ஒரு முறைக்கு இரண்டு முறை மொத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஜூன்–ஆகஸ்ட் பில்லில் 512 யூனிட். வேலியைப் பன்னிரண்டு யூனிட் தாண்டியதற்கு 335 ரூபாய் 80 காசு கூட. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏசி ஓடியும். அடுத்த இரண்டு மாசமும் சனிக்கிழமை தோறும் மீட்டரைப் பார்த்து எழுதினேன். காலண்டரில் வாரத்துக்கு இத்தனை என்று சிவப்பு மையில் குறித்து வைத்தேன். கடைசி வாரம் மூன்று ராத்திரி ஏசியே போடவில்லை. அத்தை ஈரத் துண்டோடு படுத்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் ரீடிங் எடுக்க வந்தவர் சொன்ன எண்: 497. பில் 1,786. உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

"ஐநூறு வரைக்கும் போலாம்னு சொன்ன?"

"ஆமாங்கத்தை."

"அப்ப மூணு யூனிட்டு மிச்சம் வச்சிட்டியா? அதுல ஒரு ராத்திரி நல்லா தூங்கியிருப்பேனேடி."